கலக்கு என்றோம், கலகம் என்றார்கள்

பசியோடு வந்தும் பணிவோடு அமர்ந்திருக்கும் இந்தப் பேரவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் உணவு விநியோக அதிகாரி அவர்களே! அவருக்கு வலப்புறம் துப்பாக்கியும் இடப்புறம் தூக்கமுமாக வீற்றிருக்கும் காவல்படைத் தம்பிமார்களே! குண்டு விழுந்த வீதிகளைக் கால்நடையாகக் கடந்து வந்திருக்கும் பெரியோர்களே! வெறும் தூக்குச்சட்டியை வீட்டில் விட்டுவர மனமில்லாமல் கையோடு கொண்டுவந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும், ஓடாத பேருந்தின் நடத்துநனாகிய என் வணக்கம்.

விசில் எங்கே என்கிறார் ஓர் அண்ணன். டீசல் வரட்டும் அண்ணே, விசில் சட்டைப்பையில் பத்திரமாக இருக்கிறது.

சாலைகள் அடைபட்டு, சரக்கு நின்றபோது, இதே பணிமனையில், பேருந்து கழுவும் இடத்தில், ஊருக்கெல்லாம் ஒரே அடுப்பு மூட்டினோம். வீட்டுக்கு வீடு மிச்சமிருந்த அரிசியெல்லாம் ஒரே அண்டாவுக்கு வந்தது. கரண்டி பிடித்தவர் என் அண்ணி. அரிசி குறையக் குறையத் தண்ணீர் ஏறியது. தண்ணீர் மேலே, பருக்கை அடியிலே. கஞ்சியின் குணம் அது.

அப்போது இந்த ஊருக்கு வந்ததே ஒரு மரியாதை! "நீங்க முன்னாடி போங்க." "ஐயையோ, நீங்க இருக்கும்போது நானா? நீங்க போங்க." பேருந்துப் படியில் ஒருநாளும் பார்க்காத பண்பாட்டை அந்த வரிசையில் பார்த்து எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பிறகுதான் புரிந்தது, முதலில் போனவருக்குத் தண்ணீர், கடைசியில் போனவருக்குச் சோறு! இப்போது சிரிப்பவர்கள் எல்லாம் பின்னால் நின்றவர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஏமாந்தவர்கள் யார்? காத்து நிற்க முடியாதவர்கள். ஒருநாள் லேத் பட்டறைக்காரர் மனைவி, காய்ச்சலில் கிடக்கும் கணவருக்கு அவசரமாக வாங்கிய கஞ்சியை அண்ணி முன்னால் நீட்டினார். "அக்கா, இதுல என் மூஞ்சிதான் தெரியுது. இதையா அவருக்குக் குடுக்கறது?"

அண்ணியின் முகம் சுருங்கிப்போனது. கரண்டியை அடிவரைக்கும் விட்டு ஒரு சுழற்று சுழற்றினார். "இனிமே கலக்கித்தான் ஊத்துவேன். கை அசந்து நான் மறந்தா, எல்லாரும் சத்தம் போடுங்க!"

போட்டோமா இல்லையா? ஒவ்வொரு கரண்டிக்கும் வரிசையே முழங்கியது: கலக்கு! அந்தச் சத்தம் இருந்தவரை, முன்னால் நின்றவருக்கும் பின்னால் நின்றவருக்கும் ஒரே கஞ்சிதான்.

நேற்று முன்தினம் அது மதிலுக்கு வெளியே ரோந்து போன காவல்படையினர் காதில் விழுந்தது. கலக்கு என்று கத்தினோம். கலகம் என்று கேட்டார்கள்! ஒரு சொல் திரிந்ததில் ஒரு சமையற்கூடமே சாய்ந்தது. எரிந்த அடுப்பில் தண்ணீரைக் கொட்டினார்கள். அண்ணியைக் கொண்டுபோய், அதோ, அந்த டிக்கெட் அறையில் பூட்டினார்கள்.

இன்று தலைவர் அவர்கள் பெரிய மனது பண்ணி இரண்டு வழி சொல்கிறார். வரிசையில் இனி வாய் திறக்க மாட்டோம் என்று நீங்கள் கைதூக்கினால், நாளை அடுப்பு எரியும். கலகம் செய்தது தப்புத்தான் என்று அண்ணி சொன்னால், கதவு திறக்கும். அவரைச் சம்மதிக்க வைக்க என்னைத்தான் அனுப்பினார்கள். நானும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "ஒரு வார்த்தைதானே அண்ணி? சொல்லிட்டு வந்துடுங்க."

அவர் என்ன கேட்டார் தெரியுமா? "நாளைக்கு வேற யாராவது கரண்டி பிடிப்பாங்க தம்பி. அவங்க கலக்காம ஊத்துனா, வாய மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போயிடுவீங்களா?"

 வெட்கத்தோடு கம்பியை விட்டுவிட்டு நேராக இந்த மேடைக்கு வந்தேன்.

பற்றாக்குறையைப் பழிக்கவா வந்தோம்? இல்லை! அரைக் கரண்டி கொடுங்கள், அருந்துகிறோம். கால் கரண்டி கொடுங்கள், கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். ஆனால் கலக்கிக் கொடுங்கள்! போர் கொடுத்த பசியைப் பொறுப்போம். பாரபட்சம் கொடுக்கும் பசியைப் பொறுக்க மாட்டோம்! வயிறு காய்ந்தால் வாயும் காய வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

தலைவர் மணியடிக்கிறார். கைதூக்கும் நேரம் வந்துவிட்டதாம். தாய்மார்களே, கையைத் தூக்காதீர்கள். தூக்குச்சட்டியைத் தூக்குங்கள்!

ஆகா! இந்த மேடையும் ஓர் அண்டாதான். மேலே நிற்கும் நான் வெறும் தண்ணீர். பருக்கையெல்லாம் கீழே இருக்கிறது. இதோ, உங்களோடு கலக்க இறங்குகிறேன். அந்த டிக்கெட் அறைக்குக் கேட்கும்படி ஒரே குரலில் சொல்லுங்கள்... இன்னும் உரக்க!

கேட்கிறதா? கம்பிக்குப் பின்னாலிருந்து அண்ணி பதில் சொல்கிறார்: "சரி, சரி, கலக்குறேன்! முதல்ல யாராவது அந்த ஈர விறகை எடுத்துக் காய வைங்க!"

தலைவர் அவர்களே, சாவியை எடுங்கள். விறகு காய்வதற்குள் கரண்டிக்காரர் வெளியே வரவேண்டும். இதுவரை கேட்ட காதுகளுக்கும், இனி மூடாத வாய்களுக்கும் என் நன்றி, வணக்கம்!