உள்ளங்கையார் திறந்து பார்த்த ரிசீவர்

மேடையில் அமர்ந்திருக்கும் ஒலிக்கருவி பழுதுபார்ப்போர் சங்கத்தின் தலைவர் அவர்களே, துக்கத்தை அடக்கிக்கொண்டு முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, இன்று காலையும் அப்பாவின் கடையைத் திறந்து பெருக்கிவிட்டு வந்திருக்கும் மகளே, பழைய இரும்புக்கடை அண்ணன் அவர்களே, இசை ஆசிரியர் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நெருக்கியடித்து நிற்கும் வாடிக்கையாளப் பெருமக்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

உள்ளே நுழைந்ததும் நான் முதலில் செய்த காரியம் தலைகளை எண்ணியதுதான். நான் செத்தால் இதில் பாதிப் பேராவது வருவார்களா? மாட்டார்கள்! அதை நினைத்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது. இரங்கல் கூட்டத்தில் இப்படியா ஆரம்பிப்பது என்று தலைவர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். தலைவர் அவர்களே, பொறுத்துக்கொள்ள வேண்டும். முப்பத்தோரு வருடம் அவருக்கு எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்தவன் நான். அவரைப் பற்றி என்னிடம் இருப்பதில் முக்கால்வாசி பொறாமைதான். அதை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் பேச ஒன்றும் மிஞ்சாது.

ஒலிக்கருவி வல்லுநர், சங்கத்தின் ஆயுட்கால உறுப்பினர், நம் உள்ளங்கையார்! அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். எந்த செட் வந்தாலும் முதலில் அதை ஓடவிடுவார். மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்காருவார். மீட்டர் அவரிடம் இல்லாமலா போயிற்று? என்னிடம் இருப்பதைவிட நல்ல மீட்டர் இருந்தது! ஆனாலும் முதலில் கைதான். "வலது பக்கம் சூடு கூட இருக்கு, உள்ள ஏதோ அழுதுகிட்டு இருக்கு" என்பார். திறந்தால் வலது பக்கத்தில்தான் ஏதாவது ஒரு கண்டென்சர் உப்பியிருக்கும். நானும் என் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கையை வைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கை சுட்டதே தவிர ஒன்றும் தெரியவில்லை.

அவர் கையில் புழங்கியவை எல்லாம் எப்பேர்ப்பட்ட பெட்டிகள்! ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் ஸ்டீரியோ ரிசீவர்கள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் செய்தவை. தேய்த்த அலுமினிய முகப்பு, மர உறை, விளக்கெரியும் டயல். தனியாளாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் மட்டும் ஒரு கருங்கல்லின் கனம். குமிழைத் திருப்பினால் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இருக்கும். செய்தவன் இது நாளைக்கே கெட்டுப்போகட்டும், மறுபடி வாங்க வரட்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. எங்கோ ஒருவன் ஒரு நாள் இதைத் திறப்பான், அவனுக்கு ஸ்க்ரூ டிரைவர் நுழைய இடம் வேண்டும் என்று நினைத்துச் செய்திருக்கிறான்! அந்தப் பெட்டிகள் மேலேயே எனக்குப் பொறாமை உண்டு. அவற்றுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. என் முட்டி தேய்ந்துவிட்டது, அவற்றின் குமிழ் தேயவில்லையே!

பழுது பார்த்த செட்டை அவர் உடனே கொடுத்துவிட மாட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் ஓடவிடுவார். அண்ணி ஒருமுறை என் வீட்டாளிடம் சொன்னார்கள்: "எங்க வீட்டு ஹால்ல இருக்கறதெல்லாம் ஊரார் செட்டுதான். ஒண்ணுல மனசு ஒட்டுறதுக்குள்ள அடுத்தது வந்துடும். எங்களோடதுன்னு ஒண்ணே ஒண்ணு, அது உள்ளறைல இருக்கு." அதை அப்போது நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த ஒரு வாரம் முடியும்வரை "எப்படி இருக்கு ஐயா?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "இப்ப என்ன சொல்றது? ஓடட்டும்." தான் செய்த வேலையைப் பற்றிக்கூட அவர் வாயிலிருந்து "நல்லா இருக்கு" என்ற சொல்லை நான் கேட்டதில்லை. ஓடிக் காட்டாத எதையும் நன்று என்று சொல்லக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

எனக்கோ அந்த ஒரு சொல் வேண்டும்! அவரிடமிருந்து வேண்டும். வாடிக்கையாளர்கள் ஆயிரம் பேர் புகழ்ந்தாலும் அது கணக்கில்லை. திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் சொல்ல வேண்டும். கடை போட்ட நாலாவது வருடம், சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "என் வேலையைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" அவர் காபியைக் குடித்துக்கொண்டே, "ஓடட்டும்" என்றார். வாடிக்கையாளருக்குச் சொல்கிற அதே சொல்! எதிர்க்கடைக்காரனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா? 

அந்த வீம்பில்தான் அடுத்த வருடம் இசை ஆசிரியரின் ரிசீவரைக் கையில் எடுத்தேன். இப்போதிலிருந்து இருபத்தாறு வருடத்துக்கு முன்னால். நான்கு நாள் அந்த ஒரு செட்டோடு மல்லுக்கட்டினேன். பழைய கண்டென்சர்களை எல்லாம் மாற்றினேன். பிறகு, தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில் கற்றுக்கொண்ட ஒன்றைச் செய்தேன். உள்ளே ஓடும் ஒயர்களை ஒன்றாகச் சேர்த்து, மெழுகு தடவிய நூலால், விரல்கடைக்கு ஒரு முடிச்சாகக் கட்டிக்கொண்டே போவது. கட்டி முடித்தால் ஒயர்கள் பின்னல் போட்ட தலைமாதிரி படிந்து கிடக்கும். எத்தனை வருடமானாலும் அசையாது, உரசாது, சூட்டில் இளகாது. என் வீட்டாள் கடைக்கு வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மூடி போட்டு மூடப் போறீங்க. இதை யாரு பார்க்கப் போறா?" யார் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

மூன்றே வாரம்! என் கடை மேசையிலிருந்து பார்க்கிறேன். இசை ஆசிரியர் அதே ரிசீவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருகிறார். என் கடைக்கு வரவில்லை. நேரே உள்ளங்கையார் கடைக்குள் போகிறார். கால் மணி நேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பிப் போகிறார். அன்பர்களே, என் நிலையில் நீங்கள் இருந்தால் என்ன நினைப்பீர்கள்? என் வேலை சரியில்லை, மறுபடி பழுது பார்க்க எதிர்க்கடையில் கொடுத்துவிட்டார் என்றுதானே! நானும் அப்படித்தான் நினைத்தேன். எழுந்து தெருவைக் கடந்து போய்க் கேட்டிருக்கலாம், பத்தே எட்டுதான். கேட்கவில்லை. இருபத்தாறு வருடம் கேட்கவில்லை!

அன்றோடு நூல்கண்டைத் தூக்கி அலமாரிக்கு மேல் போட்டேன். அதன்பிறகு பிளாஸ்டிக் பட்டைதான். இழுத்தால் இறுகும், அரை நிமிட வேலை. "பழசைக் கொடுங்க, புதுசை எடுங்க" என்று கடை வாசலில் பலகை வைத்தேன். பழைய ரிசீவர் என்றைக்காவது தீப்பிடித்துவிடும் என்று வாய் கூசாமல் சொன்னேன். நீல விளக்கு மின்னும் பிளாஸ்டிக் செட்டுகளை அடுக்கி விற்றேன். அடித்துப் பிடித்து வாங்கினார்கள். பழையவற்றைக் கொல்லைப்புறமாக இரும்புக்கடை அண்ணனுக்குத் தள்ளிவிட்டேன்.

அண்ணன் சிரிக்கிறார் பாருங்கள். சிரியுங்கள் அண்ணே, இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? என் பின்வாசலில் ஏறிய அதே வண்டி, தெருமுனையைச் சுற்றிக்கொண்டு உள்ளங்கையாரின் முன்வாசலில் இறங்கியிருக்கிறது! நான் விற்ற புதியவை இரண்டாவது வருடம் இருமத் தொடங்கும், மூன்றாவது வருடம் மூச்சை விடும். மாற்றிப் போட உதிரிப் பாகமும் கிடைக்காது. உடனே வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்குப் போவார்கள். தபால் நிலையத்து அம்மா ஒருவர் அங்கே ஒரு ரிசீவரைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் அவருடைய மகள் சின்ன வயதில் ஒட்டிய நட்சத்திரப் படம் இருந்தது. "ஐயா, இது எங்க வீட்டு செட்டு மாதிரியே இருக்கே!" உள்ளங்கையார் நிதானமாகச் சொன்னாராம்: "உங்க வீட்டு செட்டுதாம்மா. கொஞ்ச நாள் வெளியூர் போயிருந்துச்சுன்னு நினைச்சுக்கோங்க." தெருவே சிரித்தது. நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். என்மேல் அவர் ஒரு குறையாவது சொல்லியிருந்தால் வாயாரத் திட்டியிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை அந்த மனிதர்!

ஒரே ஒரு முறை அவர் என் கடைக்கு வந்தார். பதினோரு வருடத்துக்கு முன்னால், ஒரு மத்தியான வேளை. தெருவைக் கடந்து வருவதைப் பார்த்தேன். கையில் எதையோ சுருட்டி வைத்திருந்தார். சொல்லிக்காட்ட வருகிறார் என்று நினைத்தேன். சட்டென்று தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமா... ஆமா... அனுப்பிடுங்க" என்று பேச ஆரம்பித்தேன். வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார். அதுதான் அவர் என் வாசலில் நின்ற முதல் தடவை, கடைசித் தடவையும் அதுவே.

போன திங்கள்கிழமை மகள் என் கடைக்கு வந்தாள். "மாமா, அம்மா உங்களைக் கூப்பிடுறாங்க. உள்ளறை செட்டு இடது பக்கம் பேசல." நான் கேட்டேன்: "ஏம்மா, நீயே பார்க்க மாட்டியா? உனக்குத் தெரியாத வேலையா?" அவள் சொன்னாள்: "அப்பா ஆஸ்பத்திரில இருக்கும்போதே சொல்லிட்டார். அதுல ஏதாவதுன்னா உங்களைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாதாம். நான்கூட."

போனேன். சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரோரம் ஊரில் நிறையப் பேரிடம் இருந்த ரகத்தில் ஒரு ரிசீவர். கோளாறு பெட்டிக்குள் இல்லவே இல்லை. வீட்டைச் சுத்தம் செய்யும்போது பின்னால் ஸ்பீக்கர் ஒயர் இழுபட்டுக் கழன்றிருந்தது. செருகியதும் இரண்டு பக்கமும் கணீரென்று பேசியது. வந்த வேலை முடிந்தது. ஆனால் நான் கிளம்பவில்லை. மூடியைக் கழற்றினேன். எதற்கு? குறை கண்டுபிடிக்க! தன் வீட்டு செட்டில் இந்த மனிதர் என்ன லட்சணத்தில் வேலை செய்திருக்கிறார் என்று பார்க்க! போய்ச் சேர்ந்த மனிதரின் வேலையில் நொட்டை சொல்லத்தான் திறந்தேன். அண்ணி, என்னை மன்னியுங்கள்.

உள்ளே நூல்கட்டு இருந்தது. விரல்கடைக்கு ஒரு முடிச்சு.

என் நூல். என் முடிச்சு! நான் வைத்த ஈயம், நான் போட்ட கண்டென்சர். இருபத்தாறு வருடம் தினமும் ஓடிய பெட்டியில் ஒரு முடிச்சு தளரவில்லை, ஒரு ஈயப் பற்று விடவில்லை. மூடியைத் திருப்பினேன். உள்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. முதல் வரி: "இசை ஆசிரியரிடம் வாங்கியது. எதிர்க்கடை வேலை. ஓடட்டும்." அதற்குக் கீழே வருடத்துக்கு ஒரு தேதி. ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில், "சரி." வருடா வருடம் அதே நாளில் திறந்து, பார்த்து, "சரி" என்று எழுதி மூடியிருக்கிறார்! இருபத்தாறு "சரி"!

இசை ஆசிரியரிடம் நேற்றுத்தான் கேட்டேன். அவர் சொன்னார்: "நான் வெளியூருக்கு மாத்தலாகிப் போனேன், அதனால விக்கப் போனேன். திறந்து பார்த்தார், முடிச்சு முடிச்சா விரலால தடவிப் பார்த்தார். அப்புறம், 'இதை விக்க வேண்டாம், நானே வெச்சுக்கறேன்'னார். உங்ககிட்ட சொல்லியிருப்பார்னுல்ல நினைச்சேன்!"

நடுவில், பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதியில் மட்டும் கூடுதலாக ஒரு வரி: "கட்டு எனக்கு வரவில்லை. கேட்கப் போனேன். வேலையாக இருந்தார்." அண்ணியிடம் காட்டினேன். அவர்கள் அந்த நாற்காலியைத் திருப்பி, அதன் காலைக் காட்டினார்கள். மரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. "ரெண்டு வருஷம் இதுல நூலைக் கட்டிக் கட்டிப் பார்த்தார். அவருக்கு வரவே இல்ல. 'பக்கத்துலதானே இருக்கார், போய்க் கேளுங்களேன்'னு நான்தான் நச்சரிச்சேன். நூலை எடுத்துக்கிட்டுப் போனார். நீங்க போன்ல இருந்தீங்களாம்."

அண்ணி, அன்று உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை. இன்று இத்தனை பேர் முன்னால் ஒலிபெருக்கியில் சொல்கிறேன். போனில் அந்தப் பக்கம் யாரும் இல்லை.

நான் கேட்ட சொல்லை அவர் வருடம் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தார், நான் பலகை எழுதிக்கொண்டிருந்தேன்! இதிலும் அவர்தான் என்னை முந்தினார். அவருக்கு ஓடும்வரை காத்திருக்கத் தெரிந்தது. எனக்கு மூன்று வாரம்கூடத் தெரியவில்லை.

ஆகவே அன்பர்களே, இந்தக் கூட்டத்தில் நான் உறுதி கூறுகிறேன். கடை வாசலில் இருந்த பலகையை இன்று காலையில் கழற்றிவிட்டேன். அலமாரிக்கு மேலிருந்து நூல்கண்டை இறக்கிவிட்டேன். தூசி தட்டினால் மெழுகு இன்னும் அப்படியே இருக்கிறது. என்னிடம் வரும் பழைய ரிசீவர் எதுவும் இனி கொல்லைப்புறமாகப் போகாது. நான் பார்த்து முடித்த ஒவ்வொரு செட்டையும் நானே தூக்கிக்கொண்டு, தெருவைக் கடந்து, எதிர்க்கடைக்குக் கொண்டுபோவேன். மகளே, நீ ஒரு வாரம் ஓடவிடு. சரியில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல். வருடத்துக்கு ஒருமுறை, அதே தேதியில், அந்த உள்ளறை செட்டை நீயும் நானும் திறப்போம். "சரி"யா இல்லையா என்பதை நீ எழுது.

முடிக்கும் முன் ஒன்று. மூடியில் அவர் கடைசியாக எழுதியது இந்த வருடத் தேதி. பக்கத்தில் வழக்கம்போல, "சரி." அதற்கும் பக்கத்தில் இன்னும் ஒரு வரி: "பொறாமையாக இருக்கிறது."

அண்ணியிடம் பென்சில் வாங்கினேன். அதற்குக் கீழே ஒரு வரி எழுதிவிட்டுத்தான் மூடியைப் பூட்டிவிட்டு வந்தேன்.

"எனக்கும்தான், ஐயா."