விரல் மடங்கக் கூடாது

வேலம்பாளையத்தில் எங்கள் லைன் வீடுகளுக்கு நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, மேடம். சேதி அப்படியில்லை. தினமும் வரும், என் வாசலைத் தாண்டித்தான் உள்ளே போகும். முதல் வீடு என்னுடையது. ஜட்டிக்கு இடுப்புப் பட்டி தைக்கிற மிஷினை வாசலோரம் போட்டிருக்கிறேன். கண் ஊசியில் இருக்கும். காது எங்கே இருந்தால் என்ன?

"மயிலாளுக்குத் தெரியாம இந்த லைன்ல பல்லி கூட முட்டை வெக்காது" என்பாள் பக்கத்து வீட்டு மாரக்காள். கேலிதான். ஆனால் மகளுக்கு வந்த வரனைப் பற்றி விசாரிக்க அவள் என்னிடம்தான் வந்தாள்.

அழகுமலை அண்ணன் மூன்றாவது வீடு. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர். பனியன் துணியை உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்துகிற மிஷினில் அவருடைய வலது கை மாட்டியது. இரண்டு விரல் அங்கேயே போய்விட்டது. மிச்சம் மூன்றும் குச்சி மாதிரி நின்றுவிட்டன. அதற்காகத் தொழிலாளர் இன்சூரன்ஸ் ஆபீசான இஎஸ்ஐயிலிருந்து மாதாமாதம் பணம் வந்தது. கம்பெனியில் அவரை கேட்டில் காவலுக்கு உட்கார வைத்திருந்தார்கள். இந்த வருடம் வயதாகிவிட்டது என்று மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். அதன்பின் வாடகையும் சர்க்கரை மாத்திரையும் அந்தக் கைப்பணத்தில்தான். அவர் மனைவி ஒச்சம்மாள் பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போவது சாப்பாட்டுக்குச் சரியாக இருந்தது.

மனிதர் வீட்டில் சும்மா இருக்கவில்லை. வேஸ்ட் துணியைப் பந்தாகச் சுற்றி அந்த விரல்களால் அமுக்கிக்கொண்டே இருப்பார். நடுவிரல் மெல்ல மடங்கத் தொடங்கியது. ஒருநாள் டீ டம்ளரை வலது கையால் பிடித்துக் காட்டினார். லைனே கை தட்டியது. நானும் தட்டினேன்.

அந்த வாரமே, அடுத்த மாதம் ஒரு தேதி சொல்லி, இஎஸ்ஐ ஆபீசுக்கு நேரில் வரச்சொல்லி அவருக்கு போன் வந்தது.

"எதுக்குத் தங்கச்சி கூப்பிடுறாய்ங்க?" என்று என்னிடம் கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை எனக்குப் பழக்கமில்லை.

"ரிட்டயர் ஆயிட்டா கையை மறுபடியும் அளப்பாங்கண்ணா. டாக்டருங்க போர்டு வெச்சுப் பாப்பாங்க. வெரலு மடங்குச்சுன்னா காசு நின்னுரும்."

குண்டடம் ஊரில் யாருக்கோ அப்படி ஆனதாக யாரோ சொன்னது நினைவில் இருந்தது. குழாயடியில் மாரக்காளிடம் சொல்லும்போது, இதுவரை வாங்கியதையும் திருப்பிக் கேட்பார்கள் என்பது சேர்ந்துகொண்டது. சேதி நடக்க நடக்கக் கொஞ்சம் சதை போடும். அதை யாரும் குற்றம் என்று சொல்ல மாட்டார்கள்.

அண்ணன் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். ஆபீசிலிருந்து வேஷம் மாறி வந்து பார்ப்பார்கள் என்றும் நான் சொல்லியிருந்தேன். ரூம் தேடி வந்த இந்திக்காரப் பையன் ஒருவன் லைனுக்குள் எட்டிப் பார்த்தான். அண்ணன் டம்ளரைப் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். முதுகு பூராவும் வேர்வை. அன்று ஒச்சம்மாள்தான் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனாள்.

"ஏனுங்க, பொண்டாட்டி சிலிண்டர் உருட்டறா, நீங்க தேர் பாக்கற மாதிரி நிக்கறீங்க?" என்றாள் மாரக்காள்.

அவர் துண்டை இன்னும் இழுத்துச் சுற்றிக்கொண்டார். பயந்தவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனசு வரவில்லை, மேடம். அதனால்தான் எலாஸ்டிக் கட்டும் யோசனையைச் சொன்னேன்.

"கட்டி வெச்சா வெரலு மடங்கறதையே மறந்துரும்ணா. போர்டு முடிஞ்சதும் அவுத்துக்கலாம்."

மூன்று விரலையும் நீட்டி, அடியில் உடைந்த ஸ்கேல் துண்டை வைத்து, பட்டி எலாஸ்டிக்கால் சுற்றினேன். கயிறு என்றால் நழுவும். எலாஸ்டிக் தானாகவே இழுத்துப் பிடிக்கும். அந்தக் கையில் அவருக்கு உணர்ச்சி குறைவு. எவ்வளவு இறுக்கம் என்று அவரால் சொல்ல முடியாது. நான்தான் பார்த்துச் செய்ய வேண்டியிருந்தது. காலையில் கட்டுவேன், பொழுது சாய்ந்ததும் தளர்த்துவேன்.

இடையில் ஒருநாள், போர்டில் என்னென்ன கேட்பார்கள் என்று விசாரித்து வருவதாகச் சொல்லி ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் அவர் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள்.

"இவருக்கு பர்சன்டேஜ் எப்பவோ ஃபைனல் ஆயிருச்சுங்க்கா. இனி யாரும் கையை அளக்க மாட்டாங்க. உயிரோட இருக்காருன்னு வருசத்துக்கு ஒருக்கா நேர்ல வந்து காட்டணும். அதுக்குத்தான் போன்."

"வெரலு மடங்குனா?"

"மடங்கட்டுங்க்கா. நல்லதுதானே" என்று சிரித்தாள்.

பஸ்ஸில் வரும்போது சொல்லிவிடத்தான் நினைத்தேன். நினைத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் இறங்கி வந்த நேரம் பார்த்துத் தண்ணீர் வந்திருந்தது. லைன் மொத்தமும் குடத்தோடு நின்றது. ஒச்சம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, சாமி வாக்குக்குக் காத்திருப்பவள் மாதிரி என் வாயையே பார்த்தாள்.

"ஏனம்மணி, மூஞ்சி தொங்குது? உன்ர சேதி பொய்யாப் போச்சாக்கும்?" என்றாள் மாரக்காள். யாரோ சிரித்தார்கள்.

"போர்டு இருக்குது. இந்தத் தடவை ரொம்பக் கண்டிசனாமா" என்றேன்.

சிரிப்பு நின்றது. அன்று சாயங்காலம் நான் கட்டைத் தளர்த்தவில்லை. மறுநாள் இன்னொரு சுற்றுச் சுற்றினேன். இறுக்கத்தைப் பார்த்துப் பயந்து அவரே அவிழ்த்துவிடக் கூடாதே என்று எலாஸ்டிக் நுனியை ஊசியால் தைத்தும் வைத்தேன். தையல் நன்றாக இருக்கும், மேடம். என் கைவேலையில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

சில நாளில் ஒச்சம்மாள் வந்து நின்றாள்.

"அக்கா, வெரலெல்லாம் கருத்துப்போய்க் கெடக்கு. ஒரு மாதிரி வாட வேற வருது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவமாக்கா?"

"போனா எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிரும் கண்ணு. எதுக்குக் கட்டுனீங்கன்னு கேப்பாங்க. ஏமாத்துனதா கேஸ் போட்டு அண்ணனை உள்ள வெச்சுருவாங்க."

வாடைக்குச் சாம்பிராணி கொடுத்தனுப்பினேன். செக்கிங் வேலைக்குப் போகிறவள். பிசிறு நூல் வெட்டுகிற கட்டர் அவள் கழுத்தில் எந்நேரமும் தொங்கும். ஒரு வெட்டு வெட்டினால் போதும். அவள் வெட்டவில்லை. நான் சொன்னதை அவ்வளவு நம்பினாள்.

கடைசியாக நான் உள்ளே போய்ப் பார்த்தபோது அண்ணனுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. குளிர்க் காய்ச்சல். இடது கையால் என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"காசே வேணாம் தாயி. அவுத்து விட்ரு."

பயத்தில் இருப்பவர் பேச்சைக் கேட்டு எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். "இன்னும் ரெண்டு நாள்தானுங்கண்ணா" என்று முந்தானையை விடுவித்துக்கொண்டு வந்தேன்.

அந்த இரண்டு நாளை அவர் முடிக்கவில்லை. பேச்சு குழறியதும் ஒச்சம்மாள் என்னைக் கேட்காமல் ஆட்டோ பிடித்துவிட்டாள். சர்க்கரை உடம்பு, அழுகல் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். எலாஸ்டிக்கைச் சதையிலிருந்து பிரித்து எடுக்க நேரமாயிற்றாம்.

கட்டியது நான். தைத்தது நான். கையை யாரும் அளக்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகும் அவிழ்க்காமல் இருந்தது நான். இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் சாகட்டும் என்று நினைக்கவில்லை. ஆபீசில் சொன்ன தேதியில் நானே கூட்டிப் போய் ஆளைக் காட்டிவிட்டு வந்து, கட்டு காப்பாற்றிவிட்டது என்று குழாயடியில் சொல்லியிருப்பேன். அண்ணனும் என்னைக் கும்பிட்டிருப்பார். எல்லாருக்கும் நல்லதாகத்தான் முடிந்திருக்கும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மேடம். என்னை எதற்குக் கூட்டி வந்தீர்கள் என்று லைனில் இப்போது ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருப்பார்கள். மாரக்காள் பாதியைச் சொல்லி மீதியை ஜோடிப்பாள். எனக்கு அது பிடிக்காது. கூட ஒரு போலீஸை வேண்டுமானாலும் அனுப்புங்கள்; நானே போய் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். நான் சொன்னால்தான் அவர்கள் நம்புவார்கள்.