கூடையில் இருந்தால் கழுவினது

— தொடாத! அந்தக் கத்தியத் தொடாதங்கறேன்ல!

— கழுவி வெச்சிடலாம்னுதான்க்கா...

— ஒண்ணும் கழுவ வேணாம். மேனேஜர் வந்து பாக்கற வரைக்கும் எல்லாம் இருந்த எடத்துலயே இருக்கட்டும்.

— நான் கழுவறேங்கறேன், நீங்க வேணாங்கறீங்க. இந்தக் கிச்சன் இப்படி ஒரு நாளப் பாத்ததே இல்லக்கா.

— அங்க ஒருத்தி மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரியில கெடக்கா. உனக்கு நக்கல் கேக்குதா?

— நக்கல் இல்ல, பயம். பயந்தா என் வாய் சும்மா இருக்காது, உங்களுக்குத் தெரியாததா... அவ வீட்டுக்காரர் பேசினாரா?

— இன்னும் இல்ல. நான் ரெண்டு வாட்டி போட்டேன், எடுக்கல.

— உதடு எப்படி வீங்கிடுச்சு பாத்தீங்களா? ரிசப்ஷன்ல போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. எடுக்க வேண்டியவ தொண்டையப் பிடிச்சுக்கிட்டுக் கீழ...

— போதும், சொல்லாத. இங்க பாரு தம்பி, மேனேஜர் ஒவ்வொருத்தராக் கூப்பிடப் போறாரு. அதுக்கு முன்னாடி எங்கிட்ட உண்மையச் சொல்லிடு. காலையில பீனட் பட்டர் தின்னது யாரு?

— நான்தான். தெனமும் நான்தானே திங்கறேன். ஆபீசுக்கே தெரியும்.

— எந்தக் கத்தியில தடவின?

— இருக்கறதே ரெண்டு கத்தி, ரெண்டும் ஒரே மாதிரி. சிவப்பு டேப் சுத்தினது அவளுக்கு. சுத்தாதது நமக்கு. டேப் இல்லாததைத்தான் எடுத்தேன். சத்தியமா.

— தடவிட்டு என்ன பண்ணின?

— கூடையில வெச்சேன்.

— கழுவித்தானே?

— கூடையிலதான்க்கா வெச்சேன்.

— அப்போ அவ ஆப்பிள் நறுக்கின கத்தியில கடலை எங்கிருந்து வந்துச்சு? பறந்து வந்து ஒட்டிக்கிச்சா?

— அதத்தான் நானும் யோசிக்கறேன்.

— யோசிக்கறானாம்! தின்ன தட்ட அப்படியே சிங்க்ல போட்டுட்டுப் போறவன்... மைக்ரோவேவ்ல சூப்ப வெடிக்க விட்டுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி கதவ மூடிட்டு வந்தவன்... கழுவினது கூடையில, கழுவாதது சிங்க்லன்னு செவுத்துல கொட்டை எழுத்துல ஒட்டி வெச்சிருக்கேன். அவளுக்குக் கடலை ஆகவே ஆகாது, அவ கத்தி பக்கமே போகாதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தியிருக்கேன்...

— கத்துவீங்க, தெரியும். என் டம்ளர எல்லார் முன்னாடியும் தூக்கிக் காட்டி, 'இது டிராயிங் செக்ஷன் துரையோட எச்சில், தரிசனம் பண்ணிக்குங்க'ன்னீங்களே.

— இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?

— சும்மா. ஞாபகம் வந்துச்சு.

— அவசரத்துல கைக்குக் கெடச்சத எடுத்திருப்ப. அப்படித்தான்னு சொல்லிடேன். தெரியாம நடந்ததுன்னு சொன்னா மேனேஜர் என்ன தூக்குலயா போடப் போறாரு? நாலு திட்டு திட்டுவாரு...

— நாளையிலேர்ந்து வராதன்னு சொல்லுவாரு. வீட்டுல ஒருத்தி மாசமா இருக்கா. அவகிட்ட என்னன்னு போய்ச் சொல்றது?

— நான் பேசறேன்டா உனக்காக. அக்கவுண்ட்ஸ் அக்கா சொன்னா கேப்பாரு.

— செய்யாததுக்கு நீங்க எதுக்குக்கா பேசணும்?... ஒண்ணு கேக்கவா?

— என்ன?

— அந்த டேப்பப் பாருங்களேன். தொட வேணாம், எட்டி நின்னே பாருங்க.

— பாத்தா?

— பளபளன்னு இருக்குல்ல? போன வாரம் வரைக்கும் ஓரமெல்லாம் பிசுபிசுன்னு கருத்துப்போயிக் கெடந்துச்சு.

— பழசானா மாத்த மாட்டாங்களா...

— யாரு மாத்தினது?

— எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன இங்க காவலா இருக்கேன்?... இரு, இரு, போன். அவ வீட்டுக்காரர்தான். ஹலோ... சொல்லுங்க... ம்... ம்... அப்பாடா... பேசறாளா?... என்ன சொல்றா?... இல்லங்க, எங்களுக்கும் தெரியல, அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்... சரிங்க. கூடவே இருங்க.

— என்னக்கா?

— பொழைச்சுட்டா. ஊசி போட்டதும் மூச்சு சீராயிடுச்சாம்... 'என் கத்தியிலதானே நறுக்கினேன், டேப் இருந்துச்சே'ன்னு திரும்பத் திரும்ப அதையே சொல்றாளாம்.

— அக்கா... அழறீங்களா?

— இல்ல... விடு. அவதான் பொழைச்சுட்டாளே. இனிமே எதுக்குக் கிளறிக்கிட்டு? கத்தியக் கழுவிடு. ரெண்டையுமே கழுவிடு.

— இப்பக் கழுவலாமா?

— அப்படிப் பாக்காதடா.

— எப்படிப் பாக்கறேன்?

— நான்தான்டா! போதுமா? வெள்ளிக்கிழமை கிளம்பறப்ப அந்தப் பழைய டேப்ப உரிச்சுப் போட்டேன். அந்த அழுக்கப் பாத்தாலே எனக்குக் கை பரபரங்கும். புதுசு சுத்தறதுக்குள்ள யாரோ கூப்பிட்டாங்க, போனவ அப்படியே மறந்துட்டேன். இன்னிக்குக் காலையில வந்து பாக்கறேன், ரெண்டும் மொட்டையாக் கூடையில கெடக்கு. எது அவளோடதுன்னு தெரியல...

— தெரியாமயா சுத்தினீங்க?

— கூடையில இருந்தா கழுவினதுதானே! எதுவா இருந்தா என்னன்னு ஒண்ண எடுத்து டேப்ப சுத்திட்டேன்.

— நீங்க வேணும்னா பண்ணினீங்க...

— அது வேணும்னு பண்ணல. ஆனா இவ்வளவு நேரம் உன் தலையில கட்டப் பாத்தேனே, அது வேணும்னேதான் பண்ணினேன். பயந்துட்டேன்டா. சுத்தம் சுத்தம்னு ஊரையே வெரட்டினவ கையாலதான் இது நடந்துச்சுன்னா, நாளைக்கு எப்படி அவ முகத்துல முழிப்பேன்? வா, மேனேஜர்கிட்ட நானே சொல்லிடறேன்... ஆனா, கழுவின கத்தியில கடலை எப்படிடா இருந்துச்சு? அது மட்டும்தான் இன்னும் எனக்குப் புரியல.

— நீங்க டேப் சுத்தறப்ப நான் ஃப்ரிட்ஜ் பக்கத்துலதான்க்கா நின்னுக்கிட்டு இருந்தேன். அது நான் பிரெட்ல தடவிட்டு, டிஷ்யூல துடைச்சுக் கூடையில போட்ட கத்தி. 'கழுவலக்கா'ன்னு சொல்ல வாயெடுத்தேன்... எல்லார் முன்னாடியும் கத்துவீங்களேன்னு சொல்லாம விட்டுட்டேன்.