செருப்பைக் கழற்றச் சொல்லும் ரைடு

வங்காளத்துச் சால்ட் லேக் பூங்காவில் ரோலர் கோஸ்டர் வரிசையில் கணவருக்கு இடம்பிடித்து நின்றேன். இடுப்பில் குழந்தை. ஜனவரிக் குளிருக்கு அவனுக்குக் குல்லா மட்டும் போதுமா என்ற கவலை எனக்கு. முன்னால் ஒரு பெண், சென்னையிலிருந்து வந்திருந்த தன் தம்பியிடம் தமிழில் சொன்னாள்:

"செருப்பைக் கழற்றச் சொல்ற ரைடுதான்டா முதல் தரம்."

"இதென்ன கோவிலாக்கா?"

"அந்த வேகத்துல செருப்பு கால்ல நிக்காது. நின்னா அது குழந்தைங்க ஊஞ்சல்."

"சென்னையில இதைவிட உசரமா இருக்கு."

"உசரம் யாருக்கு வேணும்? எங்க ஊர் ரைடுல ஏறிப் பார்த்துட்டுப் பேசு."

"எங்க ஊரா? கல்யாணமாகி வந்த புதுசுல போன்ல தினம் அழுதியே!"

அவர்கள் முறை வந்தது. இருவரும் செருப்பை விட்டுவிட்டு ஏறினார்கள். வண்டி உச்சியிலிருந்து சரிந்தபோது குழந்தையை இறுக்கிக்கொண்டேன்.

இறங்கி வந்த தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வரிசையிலிருந்த ஒரு வங்காளிப் பெண், ரொம்பப் பயமா இருக்குமா என்று அக்காவைக் கேட்டாள்.

கலைந்த கூந்தலை முடிந்தபடி அக்கா சரளமான வங்காள மொழியில் சொன்னாள்: "பயமாத்தான் இருக்கும். ஏறுங்க. நம்ம ஊர் ரைடாச்சே!"

அந்தப் பெண் சிரித்துத் தலையாட்டினாள். தம்பி தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.