நிறுத்தி வெச்ச கேரவன்

கை தட்டினது போதும்... உட்காருங்க. ஏரியில குப்பை கொட்டுறது பத்தின விசாரணையைத் தை மாசத்துக்குத் தள்ளி வெச்சிருக்காங்க. அதுவரைக்கும் தடை இருக்கு, நம்ம ஏரியில ஒரு லோடு குப்பைகூட விழாது. சந்தோஷம்தான். ஆனா நீங்க கை தட்டுற வேகத்தைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு. ஏன்னு கேட்கிறீங்களா? நடந்தது ஒண்ணு சொல்றேன். உங்க கையில இருக்கிற டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடுவேன்.

என் தையல் கடைக்கு ஆரணியில இருந்து பூங்கோதைன்னு ஒரு அம்மா வருவாங்க. அவங்க வீட்டுக்காரர் தணிகாசலம் ஒரு கேரவன் வெச்சிருக்காரு. கேரவன் தெரியும்ல? ஷூட்டிங்ல நடிகருங்க ஓய்வெடுக்கிற வண்டி. உள்ளேயே கட்டில், ஃபிரிட்ஜ், டிவி... ஒரு வீடே நகர்ந்து போகும். மழைக்காலத்துல ஷூட்டிங் இருக்காது. வண்டி ஷெட்ல நிக்கும்.

ஒரு வருஷம், மழை முடிஞ்ச கையோட அவங்க பொண்ணு குயிலிக்குக் கல்யாணம். பூங்கோதைக்கு ஒரே ஒரு அண்ணன், போளூர்ல. மரத்துல இருந்து விழுந்து, முதுகெலும்பு முறிஞ்சு, படுத்த படுக்கை. கார்ல உட்கார்ந்து வர முடியாது. தாய்மாமன் மாலை போடாம பொண்ணு மேடையேறலாமா? ஆம்புலன்ஸ்ல வாங்கன்னா, அவரு சொல்றாரு: "சுபகாரியத்துக்கு ஆம்புலன்ஸ்ல வந்து இறங்கச் சொல்றியா? நான் வரவே இல்ல, விடு."

தணிகாசலம் போனைப் பிடுங்கினாரு. "மச்சான்! நம்ம வண்டியில கட்டில் இருக்கு. ராஜா மாதிரி படுத்துக்கிட்டே வா. மாலை நீதான் போடுற!"

பூங்கோதை கேட்டாங்க: "ஏங்க, மழை பூரா நின்ன வண்டி... கிளம்புமா?"

"என்னடி கேள்வி இது? தினம் காலையில ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேனே, கேட்கலையா உனக்கு?"

கேட்டுச்சு. தெருவுக்கே கேட்டுச்சு! குளிச்சிட்டு, நெத்தியில பட்டை அடிச்சுக்கிட்டு, வண்டிக்குள்ள இருக்கிற பிள்ளையாருக்கு ஊதுவத்தி காட்டிட்டு, சாவியைத் திருப்புவாரு. வண்டி ரெண்டு நிமிஷம் உறுமும். ஆஃப். நேரா டீக்கடை. கடைசி நாலு நாள் கல்யாண வேலையில அதுவும் இல்ல.

கல்யாணத்தன்னிக்குக் காலையில, பொழுது விடிய, மச்சானை அழைக்கக் கிளம்பினாரு. பட்டு வேட்டி, கையில மாலை. சாவியைத் திருப்பினாரு.

கிர்ர்... கிர்... டக்.

மறுபடியும் திருப்பினாரு. டக்.

மறுபடியும்... டக். ஹாரன்கூட அடிக்கலை!

வாசல்ல வரிசையா கார் நிக்குது. கார் பேட்டரி இந்தப் பெரிய வண்டியை எழுப்புமா? லாரி வேணும். பொண்ணைப் பெத்தவரு பட்டு வேட்டியோட நடுரோட்டுல நின்னு போற லாரிக்கெல்லாம் கை காட்டுறாரு. நிக்கலை. நிக்கலை. கடைசியா ஒரு செங்கல் லாரி நின்னுச்சு. அந்த லாரி பேட்டரியில இருந்து வயரை மாட்டி, வண்டிக்கு உயிர் வந்தப்போ வெயில் சுள்ளுனு அடிக்குது.

மண்டபத்துல இருந்து ஓடி வந்த பூங்கோதை, அண்ணனுக்குப் படுக்கை விரிக்க உள்ளே ஏறினாங்க. ஏறினவங்க அப்படியே நின்னுட்டாங்க. "என்னங்க இது? டிவில சிவப்பா ஒண்ணு மினுக்குது... ஃபிரிட்ஜு ஓடுது... பிள்ளையாருக்குப் பின்னாடி விளக்கு எரியுது. மழை பூரா இப்படியேதான் இருந்துச்சா?"

"அதெல்லாம் சின்ன லைட்டுடி!"

சின்ன லைட்டு! யாரும் திருடலைங்க. ராத்திரி பகலா கொஞ்சம் கொஞ்சமா பேட்டரியை அதுங்களே குடிச்சிடுச்சு. அப்போ தினம் ஸ்டார்ட் பண்ணினாரே, அது? ஸ்டார்ட் பண்ண பேட்டரி ஒரேயடியா வாரிக் கொடுக்கணும். ரெண்டு நிமிஷ உறுமல் அதைத் திருப்பிக் கொடுக்காது. இவரு தினமும் பூஜை போட்டுப் போட்டு பேட்டரியைக் காலி பண்ணியிருக்காரு!

போளூருக்குப் பறந்தாங்க. மச்சானைத் தூக்கிக் கட்டில்ல போட்டு, மண்டப வாசலுக்கு வந்து நின்னாங்க. வண்டிக் கதவைத் திறக்கும்போதே... மண்டபத்துக்குள்ள இருந்து கெட்டிமேளம்.

மாலை மாமன் நெஞ்சு மேல இருக்கு. முகூர்த்தம் தப்பக் கூடாதுன்னு தாலி கட்டியாச்சு.

குயிலி ஓடி வந்து குனிஞ்சு தலையைக் காட்டுச்சு. போட்டாரு. "பரவால்லம்மா, நல்லா இரு"ன்னாரு. அப்புறம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. இதைச் சொல்லும்போது பூங்கோதை என் கடையில உட்கார்ந்து அழுதாங்க. எனக்கு ஊசியில நூல் கோக்க முடியலை.

இப்போ தணிகாசலம் வண்டியை நிறுத்தினா முதல் வேலை என்ன தெரியுமா? பேட்டரி வயரைக் கழட்டி ஓரமா வைக்கிறது. பிள்ளையார் விளக்கும் சேர்ந்து அணையும். பிள்ளையார் கோவிச்சுக்கலை! வாரா வாரம் வயரை மாட்டி, ஒரு மணி நேரம் ரோட்டுல ஓட்டிட்டு வந்து நிறுத்துறாரு.

நம்ம போராட்ட வண்டியும் இப்போ ஷெட்ல நிக்குது. நான் யாரைச் சொல்றேன்னு உங்களுக்கே தெரியும்! போன கூட்டத்துல மேடையில யாருக்கு நாற்காலி போடலைன்னு இன்னும் குரூப்புல சண்டை ஓடுதே... அது யாரு? மேலத்தெரு பேரு நோட்டீஸ்ல ஏன் கீழே வந்துச்சுன்னு முறைச்சுக்கிட்டு இருக்கிறது யாரு? கேட்டா, "சின்ன விஷயம்தானே அக்கா." சின்ன லைட்டு! கழட்டுங்க அந்த வயரை. இன்னிக்கே, இங்கேயே கழட்டுங்க.

அப்புறம் ஞாயித்துக்கிழமை ஏரிக்கரையில கோஷம் போட்டு, போட்டோ எடுத்து, டீ குடிச்சிட்டுப் போறீங்களே... அதுதான் அந்த ரெண்டு நிமிஷ உறுமல். இனிமே வேண்டாம். வர்ற ஞாயிறுல இருந்து ஒரு மணி நேரம், முழுசா ஒரு மணி நேரம், தெருத்தெருவா நடக்கிறோம். வீட்டுக்கு வீடு உட்கார்ந்து பேசுறோம். மழை பெஞ்சா குடையோட. மாமியார் வீட்டுக்கு வந்தா மாமியாரோட!

தை மாசம் விசாரணைக்குக் கூப்பிடுறப்போ, நடுரோட்டுல நின்னு யாருக்கும் கை காட்ட மாட்டோம். சாவியைத் திருப்புவோம், வண்டி கிளம்பும். கெட்டிமேளம் கொட்டுறதுக்கு முன்னாடி நாம உள்ளே இருக்கணும். இருப்போமா?

...இப்போ தட்டுங்க கையை.