சிலபஸில் இல்லாத பஞ்சு

பெருமாநல்லூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் பனியன் கம்பெனியில் தைக்கும் ஒரு அக்கா. பக்கத்தில் அதே கம்பெனியில் பேக்கிங் பார்க்கும் தம்பி. அவர் மடியில் கம்ப்யூட்டர் ஹார்டுவேர் பரீட்சைக்கான கேள்வி பதில் ஜெராக்ஸ் கட்டு. ஆறு மாசமாகத் தானாகவே படிக்கிறாராம்.

"மொதலாளி கம்ப்யூட்டரப் பாக்கச் சொன்னப்ப நாலு பதில் குடுத்திருந்தா சரியானதுக்கு டிக் அடிச்சிருப்பேனுங்க்கா" என்றார்.

மீதியையும் கேட்க, நான் என் ஸ்டாப்பில் இறங்கவில்லை.

"ஏனுங்க தம்பி, லேபிள் அடிக்கற கம்ப்யூட்டரு அணைஞ்சு அணைஞ்சு போகுது, என்னன்னு பாருன்னு மொதலாளி சொன்னா, கொஸ்டின் பேப்பரு அடிச்சா குடுப்பாரு?"

"கேள்வியெல்லாம் மனப்பாடமுங்க. மூடியத் தொறந்து பாத்ததுதான் இல்லீங்க."

"நான் தொறந்தேன். உள்ள ஃபேனே தெரியாத அளவுக்குப் பனியன் பஞ்சு. தெனமும் என்ற தையல் மிஷினுக்கு அடிக்கற ஏர் பைப்பை வெச்சு ஊதுனேன், ஓடுது."

"பஞ்சு சிலபஸ்லயே இல்லீங்க்கா."

"பரீட்சை எப்பங்க?"

"திங்கக்கெழமைங்க. பாஸானா கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைங்க."

"அப்ப என்னையும் கூட்டீட்டுப் போங்க சாமி. கேள்வி கேட்டா நீங்க பதில் சொல்லுங்க. கம்ப்யூட்டர நான் பாத்துக்கறேன்."