டிவி மேல விழுந்த துண்டு

கொஞ்சம் காது குடுங்க... ஒரு சின்னக் கதை சொல்லிட்டு அப்புறம் விஷயத்துக்கு வர்றேன்.

ஒரு கடலோர ஊரு. ஊருக்கே ஒரே டிவி, கமிட்டி மண்டபத்துல. நடுவுல ஒரு கயிறு. கயித்துக்கு முன்னாடி ஆம்பளைங்க, பின்னாடி பொம்பளைங்க. டிவியில வர்ற அசிங்கம் எதுவும் பொம்பளைங்க கண்ணுல படக் கூடாதாம்! அதுக்குன்னே ஒரு ஆளைப் போட்டாங்க... சூசைமிக்கேல். ஏடாகூடமா ஏதாச்சும் வந்துச்சுன்னா, பட்டுனு தோள்ல கிடக்கிற துண்டை எடுத்து டிவி மேல போட்டுருவாரு. முடிஞ்சிருச்சான்னு யாரு தூக்கிப் பாப்பாங்க? அதுவும் அவரேதான்! சிரிக்காதீங்கய்யா... பொறுப்பான வேலை!

ஒரு தடவை புயல்ல ஒரு படகு காணாமப் போச்சு. அதுல மெரிட்டாவோட புருஷன் கிலாரி. பாவம், அந்தப் புள்ள சோறு தண்ணி இல்லாம, தினமும் கயித்துக்குப் பின்னாடி உக்காந்து நியூஸ் பாத்துச்சு.

அன்னிக்கும் நியூஸ் ஓடுது. ஏதோ ஒரு தீவு... கடற்கரையில நீச்சல் உடுப்போட வெள்ளைக்காரப் பொம்பளைங்க. சும்மா விடுவாரா நம்மாளு? துண்டு விழுந்துச்சு!

படம் போச்சு. சத்தம் போகலையே... துண்டுக்குள்ள இருந்து ஒரு குரல். "மெரிட்டா... நான் உசுரோட இருக்கேன்டி..."

பாய்ஞ்சா பாருங்க! கமிட்டித் தலைவர் கத்துறாரு, "ஏ புள்ள, கயித்தைத் தாண்டாத! ஊர்க் கட்டுப்பாடு!"

"என் புருஷன் உள்ள இருக்காரு! உங்க கட்டுப்பாட்டை நீங்களே வச்சுக்கங்க!"

துண்டை இழுத்துக் கீழ போட்டா. திரையில கிலாரி... அந்தத் தீவுல கரை ஒதுங்கி, தாடியும் மீசையுமா, அழுதுக்கிட்டு.

சூசைமிக்கேல் குனிஞ்சு துண்டை எடுத்தாரு. எல்லாரும் மறுபடியும் மூடப் போறாருன்னு நெனச்சாங்க. மூடல... அந்தத் துண்டாலயே திரையைத் துடைச்சாரு. "ஒரே உப்புக்காத்து படிஞ்சு கிடக்கு... இப்ப நல்லாப் பாரு தாயி."

இன்னிக்கு நம்ம ஊருக்கு செல்போன் டவர் வந்திருக்கு. பொண்ணுங்களுக்குப் போன் எதுக்குன்னு கேக்குறவங்க இங்கயும் இருக்கீங்க. உங்க பயம் எனக்குப் புரியுது. கெட்டதும் வரும், இல்லைங்கல. ஆனா மூடுறப்ப கெட்டதை மட்டுமா மூடுறோம்? உள்ள இருந்து யாரு கூப்பிடுறாங்கன்னு நமக்குத் தெரியுமா?

அதனால மனசு நெறைஞ்சு சொல்றேன். டவருக்கு இடம் குடுத்த குடும்பத்துக்கு நன்றி. கயித்தைத் தாண்டின மெரிட்டாவுக்கு நன்றி. மூடின கையாலயே துடைச்ச சூசைமிக்கேலுக்குத்தான் எல்லாத்தையும் விடப் பெரிய நன்றி.

முன்வரிசைப் பெரியவங்களே... உங்க தோள்லயும் துண்டு கிடக்கு. வீட்டுக்குப் போனதும், உங்க மக கையில இருக்கிற போனை வாங்கி, அந்தத் துண்டால நல்லாத் துடைச்சு, அவகிட்டயே திருப்பிக் குடுங்கய்யா.